பாப்தாவா, பெய்தெத்தீனா?

பெய்ரூத்துக்குப் போய் ஒரு நாள் கையில் மிஞ்சினால் மலை ஏறாமல் திரும்பாதீர்கள். லெபனானை யார், எங்கே உட்கார்ந்து ஆண்டார்கள் என்று பார்க்க ஆசையிருந்தால் இரண்டு ஊர்கள் உண்டு. ஒன்று, நகரத்துக்குத் தென்கிழக்கே சுமார் 10 கிலோமீட்டரில் பாப்தா. இன்னொன்று, ஷூஃப் மலையில் ஏறக்குறைய 45 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பெய்தெத்தீன்.

இரண்டும் பழைய இணை. 1861இல் ஓட்டோமான் பேரரசின் கீழ் லெபனான் மலைக்குத் தன்னாட்சி கிடைத்த பிறகு, அதை ஆண்ட ஆளுநர்களுக்குக் குளிர்காலத்தில் பாப்தா, கோடையில் பெய்தெத்தீன். இன்றும் அதே இணைதான்: குடியரசுத் தலைவரின் மாளிகை பாப்தாவில், கோடை வாசஸ்தலம் பெய்தெத்தீனில்.

பாப்தாவின் வசதி, அது பக்கத்தில் இருப்பதுதான். 'சர்வீஸ்' என்று அங்கே சொல்லும் ஷேர் டாக்சியில், நெரிசல் இல்லையென்றால் அரை மணி நேரம். மேலே நின்றால் விமான நிலையம், தென்புறநகர், கடல் எல்லாம் காலடியில் விரியும். பல வெளிநாட்டுத் தூதரகங்கள் இந்த ஊரிலும் இதை ஒட்டிய ஹாஸ்மியே, யார்ஸே சரிவுகளிலும் இருக்கின்றன. பாதுகாப்பு அமைச்சகமும் யார்ஸேயில்தான். ஆனால் மாளிகைக்குள் சுற்றுலாப் பயணியாக நுழைய முடியாது. வாசல், காவல், மதில் அவ்வளவுதான். அந்தப் பக்கம் கேமராவை எடுக்கவே வேண்டாம்.

ஆனாலும் கதை தெரிந்து போனால் அந்த மதிலே பேசும். 1990 அக்டோபர் 13 அன்று சிரிய விமானங்கள் இந்த மாளிகையைத் தாக்கின. உள்ளேயிருந்த ராணுவத் தளபதி ஜெனரல் மிஷெல் அவுன் பிரெஞ்சுத் தூதரகத்தில் தஞ்சம் புகுந்தார். அதே மனிதர் 2016இல் குடியரசுத் தலைவராக அதே மாளிகைக்குத் திரும்பினார். அவர் பதவிக்காலம் 2022 அக்டோபரில் முடிந்தபின் அந்த நாற்காலி இரண்டு ஆண்டுகளுக்கு மேல் காலியாகவே கிடந்தது; 2025 ஜனவரி 9 அன்றுதான் ஜோசப் அவுன் தேர்ந்தெடுக்கப்பட்டார். முன்பு லெபனான் மலையை ஆண்ட எமீர்களான ஷிஹாப் வம்சத்தார் கட்டிய பழைய சேராய், அதாவது அரசு மாளிகை, ஊருக்குள் இருக்கிறது. அதையும் வெளியிலிருந்து பார்த்துவிடலாம்.

பெய்தெத்தீன் வாசல் திறந்து விடுகிறது. எமீர் இரண்டாம் பஷீர் ஷிஹாப் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கி முப்பது ஆண்டுகளுக்கு மேல் கட்டிய அரண்மனை இது. வெளிமுற்றம் விருந்தினருக்கு, வந்தவர் யாரென்று மூன்று நாள்வரை கேட்க மாட்டார்களாம். அடுத்தது அலுவல் பகுதி, அதையும் தாண்டினால் அந்தப்புரம், சமையற்கூடம், வெந்நீர்க்குளியல் கூடம். பளிங்குத் தரை, தேவதாரு மரக் கூரை, நடுவில் ஊற்றுகள். அந்தத் தண்ணீருக்காகவே ஸஃபா ஆற்றிலிருந்து கால்வாய் வெட்டினார்கள். கீழே பழைய குதிரை லாயங்களில் ஜிய்யே கடற்கரையில் கிடைத்த பைசாந்திய மொசைக்குகள் வைத்திருக்கிறார்கள். எனக்கு அரண்மனையைவிட அவைதான் பிடித்தன. அவசரப்படாமல் ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். தோட்டத்தில் பஷீரின் மனைவி ஷம்ஸின் சமாதி. 1840இல் நாடு கடத்தப்பட்டு 1850இல் இஸ்தான்புல்லில் இறந்த பஷீரின் எச்சங்களை 1947இல்தான் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்தார்கள்.

என் முடிவு தெளிவு: ஒரு முழு நாள் இருந்தால் பெய்தெத்தீன். விமானத்துக்கு முன் ஒரு மாலை மட்டும் மிச்சமென்றால், அன்றாட அரசியல் செய்தியைத் தொடர்ந்து படிப்பவரென்றால், பாப்தா. அதுவும் நிலைமை அமைதியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு போங்கள். 2024இல் இஸ்ரேலுக்கும் ஹிஸ்புல்லாவுக்கும் நடந்த போரில் குண்டு விழுந்த தென்புறநகர் அந்தக் குன்றின் அடியிலேதான் இருக்கிறது.

பெய்தெத்தீனுக்குப் பெய்ரூத்தின் கோலா சந்திப்பிலிருந்து மினிபஸ் கிடைக்கும். அரண்மனை திங்கட்கிழமை மூடியிருக்கும். தாமூரில் கடற்கரையை விட்டு மேலேறும் வழியில், பள்ளத்தாக்குக்கு எதிர்க்கரையில் தைர் அல்-கமர் வரும். எமீர்களின் பழைய தலைநகரம். சதுக்கத்தில் 1493ஆம் ஆண்டு மசூதி, எண்கோண மினாரோடு. திரும்பும்போது அங்கே இறங்குங்கள், ஆனால் காலையிலேயே ஓட்டுநரிடம் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.