ஏழு டிஸ்க், 1400 ரூபாய், படம் மட்டும் இல்லை: டிவிடி போடக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

இந்தக் காலத்தில் யார் டிவிடி போடுகிறார்கள் என்று கேட்பவர்கள் இந்தப் பதிவைத் தாண்டிப் போய்விடலாம். வீட்டில் எண்பது வயது அப்பாவும், அவர் மாற்ற விடாத டியூப் டிவியும் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். நான் ஏமாந்தது கொஞ்சம் என் அவசரத்தால், கொஞ்சம் என் அறியாமையால். மீதிக்குக் கடைக்காரர்தான் பொறுப்பு.

அப்பாவுக்குத் திருக்கடையூரில் சதாபிஷேகம் நடத்தினோம். வீடியோ எடுத்தவர் முன்பு போலக் கையில் டிவிடி தரவில்லை. கூகுள் டிரைவில் ஏற்றி இணைப்பை அனுப்பினார், ஒரு மாதத்துக்குள் இறக்கிக்கொள்ளுங்கள், அப்புறம் அழித்துவிடுவோம் என்றார். ராத்திரி முழுக்க இறக்கினேன். ஆறு எம்பி4 கோப்புகள். சொந்தக்காரர்கள் போனில் எடுத்ததை எல்லாம் தம்பி மகன் ஒன்றாக ஒட்டிக் கொடுத்தது ஏழாவது. ஒவ்வொன்றும் 4 ஜிபியைத் தொட்டுக்கொண்டு நின்றது. மொத்தம் 4 மணி 20 நிமிடம். ஒரு 32 ஜிபி பென்டிரைவில் அடங்கிவிட்டது.

அப்பா அம்பாசமுத்திரம் பக்கம் ஊரில் இருக்கிறார். 21 அங்குல டியூப் டிவி, 2009-ல் வாங்கிய டிவிடி பிளேயர். அதில் பென்டிரைவ் செருக இடம் கிடையாது. புது டிவி வாங்கித் தருகிறேன் என்று தீபாவளிக்குத் தீபாவளி சொல்கிறேன். "ஓடுத டிவிய எதுக்குல மாத்தணும்?" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

எனவே சென்னையிலிருந்து வந்த அன்றே திருநெல்வேலியில் ஒரு கடைக்குப் போனேன். போட்டோ பிரிண்ட், ஜெராக்ஸ், பழைய கேசட்டை டிவிடியாக மாற்றுவது என்று பலகையில் எல்லாமே எழுதியிருந்தது. கடைப் பெயரை எழுதப் போவதில்லை. ஒரு கடையைச் சொன்னால் மற்ற கடைகள் யோக்கியம் என்று ஆகிவிடும்.

"டிவியில ஓடுற மாதிரி டிவிடி போடணும்" என்றேன். இந்த வார்த்தையைச் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவர் பென்டிரைவைச் செருகிப் பார்த்துவிட்டு, "ஏழு டிஸ்க் வரும் அண்ணாச்சி. கன்வெர்ட் பண்ணி, மெனு எல்லாம் போட்டு அம்சமாத் தந்திருவோம். ஒண்ணு இருநூறு" என்றார். ஆயிரம் ரூபாயை ஜிபேயில் போட்டேன், நானூறு ரொக்கம். பில் கேட்கவில்லை. நல்ல மனுஷர், டீ வேறு வாங்கிக் கொடுத்தார்.

டீயைக் குடித்து முடிப்பதற்குள் முதல் டிஸ்க் ரெடி. அங்கேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். முப்பத்தேழு நிமிட வீடியோவை அவர் வைத்திருந்த பழைய கம்ப்யூட்டரில் ஐந்து நிமிடத்தில் மாற்றி எழுத முடியாது. ஒரு மணி நேரத்தில் ஏழும் முடிந்தன. முதல் டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் போட்டு ஓட்டியும் காட்டினார். அப்பா மாலையும் கழுத்துமாக வந்தார். "பாத்தியளா, கண்ணாடி மாதிரி இருக்கு." இருந்தது.

ஊரில் பிளேயரில் போட்டோம். சுற்றியது, முனகியது, "டிஸ்க் எரர்" என்றது. இரண்டாவது, மூன்றாவது என ஏழையும் போட்டாயிற்று. படம் பார்க்கக் கூடியிருந்த சித்திமார் ஒவ்வொருவராகக் காபி டம்ளரைக் கீழே வைத்தார்கள். "ஒண்ணும் வரமாட்டுக்குல" என்று அப்பா சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அன்று ராத்திரி மச்சானின் லேப்டாப்பில் டிஸ்க்கைத் திறந்து பார்த்தேன். உள்ளே நான் கொடுத்த அதே எம்பி4 கோப்பு, அதே பெயரில், அதே அளவில் இருந்தது. மாற்றவும் இல்லை, மெனுவும் இல்லை. பென்டிரைவில் இருந்ததை டிஸ்க்கில் நகல் எடுத்திருக்கிறார், அவ்வளவுதான். அந்த வேலைக்குக் கடைகளில் டிஸ்க் விலையோடு ஐம்பது ரூபாய் வாங்குவார்கள்.

இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏமாற்றே இந்த இடத்தில்தான் நடக்கிறது. டிவிடி போடுவது என்ற ஒரே பேச்சுக்குள் இரண்டு வேலைகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று கோப்பை அப்படியே டிஸ்க்கில் எழுதுவது. கம்ப்யூட்டரில் விஎல்சி மாதிரி ஒரு பிளேயர் இருந்தால் அது எதைக் கொடுத்தாலும் ஓட்டிவிடும், அதனால் கடையில் கண்ணாடி மாதிரித் தெரியும். இன்னொன்று, டிவியோடு சேர்ந்த பிளேயருக்குப் புரிகிற மாதிரி முழுதாக மாற்றி எழுதுவது. டிவிடி வடிவம் 1996-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அதில் படம் வழக்கமாக எம்பெக்-2 என்ற வீடியோ வடிவத்தில்தான் இருக்கும். நம் ஊர் டிவிக்கான பால் (PAL) முறையில் படத்தின் அளவு 720க்கு 576 புள்ளிகள், நொடிக்கு 25 படங்கள். இன்றைய கேமராவும் போனும் எடுப்பது பெரும்பாலும் ஹெச்.264 என்ற வீடியோ வடிவம் அல்லது அதற்குப் பின் வந்தது. ஹெச்.264 வந்ததே 2003-ல்தான். அப்பாவின் பிளேயர் போன்ற மலிவான பெட்டிகளில் அதைப் படிக்கும் சில்லு கிடையாது. சில பிளேயர்களின் முகப்பில் டிவ்எக்ஸ் என்று ஒட்டியிருக்கும். அவை பழைய ஏவிஐ கோப்புகளை ஓட்டும், அதற்கு மேல் நம்பாதீர்கள்.

சரியாக மாற்றிய டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் திறந்தால் வீடியோ டிஎஸ் (VIDEO_TS) என்ற ஃபோல்டர் இருக்கும். அதற்குள் ஐஎஃப்ஓ (IFO), பியூபி (BUP), விஓபி (VOB) என்று முடியும் கோப்புகள், அதுவும் ஒவ்வொரு விஓபியும் 1 ஜிபிக்கு மேல் போகாமல் துண்டு துண்டாக இருக்கும். எம்பி4 என்று ஒன்றைப் பார்த்தால் அங்கேயே டிஸ்க்கைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஏழு என்ற கணக்கே பொய் என்பதும் அப்புறம்தான் உறைத்தது. டிவிடிக்கு மாற்றும்போது மூலக் கோப்பு எத்தனை ஜிபி என்பதற்கு அர்த்தமே கிடையாது, எத்தனை நிமிடம் என்பதுதான் கணக்கு. 4.7 ஜிபி டிஸ்க்கில் இரண்டு மணி நேரம் வரை நன்றாகவே அடங்கும். 4 மணி 20 நிமிடத்துக்கு மூன்று டிஸ்க் போதும், ஒவ்வொன்றிலும் ஒன்றரை மணிக்குச் சற்றுக் குறைவாக. தரமும் பிரமாதமாக இருக்கும். ஏழு கோப்பு, ஏழு டிஸ்க் என்று அவர் சொன்ன நிமிடமே நகல்தான் எடுக்கப் போகிறார் என்பது தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தவனுக்குத் தெரிந்திருக்கும்.

மறுநாள் கடைக்குப் போனேன். "ஒங்க பிளேயர்தான் பழசு அண்ணாச்சி" என்று ஆரம்பித்தார். உங்கள் கடையில் உள்ள பிளேயரில் போடுங்கள் என்றேன். கடையில் பிளேயரே இல்லை. டிவிடி போட்டுத் தருகிற கடையில் டிவிடி பிளேயர் இல்லை! இட்லிக் கடையில் தட்டு இல்லாத மாதிரி. ஃபோல்டரைப் பற்றிப் பேச்செடுத்ததும் இறங்கி வந்தார். "பையன் தெரியாமப் பண்ணிட்டான், வச்சிட்டுப் போங்க, ரெண்டு நாள்ல கன்வெர்ட் பண்ணி வைக்கேன்" என்றார். எனக்கு விடுமுறை முடிந்துவிட்டது. பென்டிரைவை மறுபடி அவரிடமே கொடுத்துவிட்டு ரயில் ஏறினேன். இது இரண்டாவது முட்டாள்தனம்.

மச்சான் போய் வாங்கி வந்தார். ஏழு டிஸ்க் போய் ஒரே ஒரு டிஸ்க் வந்திருந்தது. மேலே அப்பா, அம்மா படம் போட்டு வழவழவென்று காகித ஸ்டிக்கர். பிளேயரில் ஓடியது. எப்படி ஓடியது என்பதை அடுத்த முறை ஊருக்குப் போனபோது நானே பார்த்தேன்.

4 மணி 20 நிமிடத்தையும் ஒற்றை டிஸ்க்கில் திணித்திருந்தார். அப்படிச் செய்தால் படத்துக்கும் சத்தத்துக்கும் சேர்த்தே நொடிக்குச் சுமார் 2.4 மெகாபிட் இடம் மட்டும்தான் கிடைக்கும். அசையாமல் உட்கார்ந்திருக்கும் காட்சிகளில் தெரியாது. கலச நீரைச் சல்லடை வழியாகத் தலையில் ஊற்றுகிறார்கள், அந்த இடத்தில் அப்பாவும் அம்மாவும் கட்டம் கட்டமாகக் கரைந்து போனார்கள். ஹோமப் புகை எழுந்தால் புரோகிதர் காணாமல் போனார். அகலப் படத்தை அப்படியே பழைய டிவி அளவுக்கு நெருக்கியிருந்ததால் எல்லாரும் ஒட்டடைக் கம்பு மாதிரி நீண்டு நின்றார்கள். மேலும் கீழும் கறுப்புப் பட்டை விட்டு மாற்றியிருந்தால் இப்படி ஆகாது. அம்மாவுக்கு மட்டும் இதில் குறையில்லை. "ஏய்யா, நான் நல்லா மெலிஞ்சுதான் இருக்கேன், என்ன?" என்றாள்.

போனில் எடுத்த பகுதி வந்ததும் இன்னொரு வேடிக்கை. தாலி கட்டி முடிந்து, எல்லாரும் அட்சதை போட்டு ஓய்ந்த பிறகு கெட்டிமேளம் கேட்டது. பெரும்பாலான போன்கள் நொடிக்கு இத்தனை படம் என்று சீராக எடுப்பதில்லை, வெளிச்சத்துக்குத் தக்கபடி கூட்டிக் குறைக்கும். அதைக் கவனிக்காமல் மாற்றினால் சத்தம் போகப் போகப் பின்தங்கும். இதற்கெல்லாம் மகுடம் வைத்தது மாதிரி, படம் ஓடிய நேரம் முழுக்கத் திரையின் நட்ட நடுவில் ஏதோ ஒரு மென்பொருளின் பெயர் ஆங்கிலத்தில் சாம்பல் நிறத்தில் நின்றது. காசு கட்டாத சோதனைப் பதிப்பில் மாற்றியிருக்கிறார். அப்பாவின் நெற்றி விபூதிக்கு மேல் அந்த விளம்பரம்.

மூன்றாவது தடவை போட்டபோது அந்த டிஸ்க்கும் இழுத்து இழுத்து நின்றது. வேகமாகச் சுற்றும் டிஸ்க்கில் காகித ஸ்டிக்கர் ஒட்டவே கூடாது. கொஞ்சம் கோணலாக இருந்தாலும் சமநிலை கெடும், சூட்டில் ஓரம் பெயரும். பெயர் எழுத வேண்டுமானால் டிஸ்க்குக்கு என்றே விற்கும் மார்க்கர் போதும்.

பென்டிரைவிலும் ஒரு பரிசு இருந்தது. அலுவலக லேப்டாப்பில் செருகியதும் எச்சரிக்கை மணி அடித்தது. ஷார்ட்கட் வைரஸ். கோப்புகள் எல்லாம் மறைந்து, அவற்றின் இடத்தில் போலி ஷார்ட்கட்கள் நின்றன. மூலக் கோப்புகளை நான் வேறு இடத்தில் வைத்திருந்ததால் பிழைத்தேன். கூகுள் டிரைவ் இணைப்பு அதற்குள் காலாவதியாகிவிட்டது. ஒரே பிரதியைக் கடைக்காரரிடம் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது பணத்துக்காக அல்ல. மறுபடியும் கடைக்குப் போனபோது, நல்ல தரத்திலும் நாங்கள் செய்வோம் என்று காட்டுவதற்காக அவர் வேறு ஒருவரின் வீடியோவைத் திறந்து ஓட்டினார். ஏதோ ஒரு வீட்டுப் பெண் குழந்தையின் சடங்கு. அந்தக் குடும்பத்தில் யாருக்கும் இது தெரிந்திருக்காது. திரையைப் பார்த்தேன். காதுகுத்து, கல்யாணம், வளைகாப்பு என்று ஊர்ப் பெயர்களோடு வரிசையாக ஃபோல்டர்கள். அவற்றில் எங்கள் வீட்டு ஃபோல்டரும் ஒன்று. என் கண் முன்னால் அழிக்கச் சொன்னேன், குப்பைத் தொட்டியையும் காலி செய்யச் சொன்னேன். செய்தார். வேறு எங்காவது பிரதி இருக்கிறதா என்பது அவருக்கும் கடவுளுக்கும் வெளிச்சம். உங்கள் வீட்டு விசேஷத்தை வெளியே கொடுத்தால், கூடவே உட்கார்ந்து வேலையை முடித்து அழித்துவிட்டு வாருங்கள். உட்கார விடமாட்டேன் என்கிற கடைக்குக் கொடுக்காதீர்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "டிஸ்க் காசு போயிட்டே அண்ணாச்சி" என்றார். நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுகிறேன் என்றேன். "பில்லு இருக்கா?" என்று சிரித்தார். ஜிபேயில் ஆயிரம் ரூபாய் அனுப்பிய விவரத்தைத் தேதியோடு காட்டியதும் சிரிப்பு நின்றது. எட்டு நூறு திரும்பி வந்தது. மிச்சத்துக்குப் பதிலாகப் புதுப்பட டிவிடி ரெண்டு எடுத்துக்கொள்ளச் சொன்னார். திருட்டு டிவிடியை நஷ்டஈடாகக் கொடுத்த முதல் வியாபாரி இவராகத்தான் இருக்க வேண்டும். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

பிறகு நானே உட்கார்ந்தேன். மச்சானிடம் வெளியே செருகும் டிவிடி ரைட்டர் இருந்தது. மாற்றுவதற்கும் மெனு போடுவதற்கும் டிவிடிஸ்டைலர், எழுதுவதற்கு இம்க்பர்ன் (ImgBurn), இரண்டுமே இலவச மென்பொருள்கள். இவற்றைத் தேடும்போதும் ஜாக்கிரதை. பெரிய பச்சைப் பொத்தானில் டவுன்லோட் என்று மின்னுவது பெரும்பாலும் விளம்பரம். நான் அவசரத்தில் ஒன்றை அழுத்தி வேண்டாத குப்பையை இறக்கி, அதை நீக்கவே ஒரு மாலை போனது. பால் முறை, அகலத் திரை விகிதம் என்று தேர்ந்தெடுத்து, பிளேயர் அமைப்பில் லெட்டர்பாக்ஸ் (மேலும் கீழும் கறுப்புப் பட்டை) வைத்ததும் உருவங்கள் சரியாயின. போனில் எடுத்ததை முதலில் ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் நொடிக்கு 25 படம் என்று சீராக்கினேன், கெட்டிமேளம் தாலியோடு சேர்ந்துகொண்டது. ராத்திரி பத்து மணிக்கு ஓட விட்டு விடியற்காலை எழுந்து பார்த்தால் முடிந்திருந்தது. டிஸ்க்கில் 16 மடங்கு வேகம் என்று போட்டிருந்தாலும் 8-ல் எழுதினேன், எழுதி முடித்ததும் சரிபார்க்கவும் விட்டேன். மூன்று டிஸ்க்கில் ஒன்றுகூட வீணாகவில்லை.

அப்பா மூன்றையும் ஒரே மூச்சில் பார்த்தார். சாப்பாட்டுப் பந்தியில் பெரியத்தான் இரண்டு தடவை உட்கார்ந்ததைக் கண்டுபிடித்துச் சொன்னார். முடிந்ததும், "சித்தப்பாவுக்கும் அத்தைக்கும் ஆளுக்கொரு செட்டு போட்டுத் தாலே" என்றார். ஆறு டிஸ்க் வேண்டும். வெற்று டிஸ்க் விற்கிற கடைகள் பெரும்பாலும் மூடிவிட்டன. நாலு கடை ஏறி இறங்கியும் கிடைக்கவில்லை. கடைசியில் அதே கடைக்குத்தான் போனேன். ஒன்று நாற்பது ரூபாய் என்றார். முதலில் பில்லை எழுதச் சொன்னேன்.