ஏரிக்கு மீன்பிடிப் படகு வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

பழைய வட ஆற்காட்டில், காவேரிப்பாக்கம் பக்கத்து ஊர்க்காரன் நான். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்து ஏரிகளெல்லாம் நிரம்பினதிலிருந்து எங்கள் பக்கம் மீன்பாசி குத்தகைக்கு, அதாவது ஏரியில் மீன் பிடிக்கும் உரிமைக்கு, நல்ல போட்டி. போன வருஷம் நானும் என் மச்சானும் சேர்ந்து ஊர் ஏரியைக் குத்தகைக்கு எடுத்தோம். கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகள் விட்டாயிற்று. அப்புறம் படகு வேண்டும் என்று தேடியபோதுதான் ஏமாந்தோம். 85,000 ரூபாய் போனது ஒரு பக்கம். மச்சான் உயிர் போயிருக்கும், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு பைபர் பட்டறை. தண்ணீர்த் தொட்டி, பாத்ரூம் கதவு, தோல் தொழிற்சாலைகளுக்கு ரசாயனத் தொட்டி என்று எல்லாம் செய்பவர்கள். வாசலில் பளபளவென்று நீல நிறத்தில் 22 அடிப் படகு ஒன்று நின்றது. "புதுசு அண்ணா, கடலுக்கே தாங்கும், ஏரி எம்மாத்திரம்?" என்றார் பட்டறைக்காரர். அந்த ஒரு வார்த்தையில் விழுந்துவிட்டோம். கடலுக்குத் தாங்குவது ஏரிக்கும் தாங்கும் என்பது கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

கடல் படகின் அடி கூராக இருக்கும், அலையை வெட்டிக்கொண்டு போக. நம் ஏரியில் வெட்டுவதற்கு அலை ஏது? இங்கே ஓட்டம் குறைவு, நின்று செய்யும் வேலைதான் அதிகம். வலையை ஒரு பக்கமாகக் குனிந்து இழுக்க வேண்டும், சிக்கின மீனை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். அதற்கு அகலமான தட்டை அடி வேண்டும். கூர் அடிப் படகில் இரண்டு பேர் ஒரே பக்கம் வந்தால் அந்தப் பக்கம் சட்டென்று சாய்கிறது.

அடுத்தது எடை. பங்குனி, சித்திரையில் ஏரித் தண்ணீர் உள்வாங்கி, கரைக்கும் தண்ணீருக்கும் நடுவே சேறு விரிந்துவிடும். அந்தச் சேற்றில் இதை இழுக்க எட்டுப் பேர் தேவைப்பட்டார்கள். மூங்கில் பரிசல் என்றால் ஒரே ஆள் முதுகில் கவிழ்த்துக்கொண்டு நடந்துவிடுவார். மோட்டார் போடலாம் என்று சொல்லித்தான் இதை விற்றார்கள். ஏரிக்குள் வெட்டின கருவேல மரத்தின் வேர்க்கட்டை, ஓரமெல்லாம் காட்டாமணக்கு, காற்று திரும்பினால் ஆகாயத்தாமரை. இதில் மோட்டார் விசிறி எங்கே சுற்றும்? பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை நிறுத்திக் கொடியை அறுக்க வேண்டியிருந்தது. ஐம்பது வருஷமாக அதே ஏரியில் வலை போடும் பெரியவர் ஒருவர் முதல் நாளே கேட்டார், "இன்னாப்பா, ஏரிக்குக் கடல் படகு எடுத்தாந்துக்கிறே?" வாங்குவதற்கு முன்னால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். நீங்கள் கட்டாயம் கேளுங்கள்.

இதெல்லாம் தப்பான படகு வாங்கின கதை. மோசடி அப்புறம்தான் தெரிந்தது.

மார்கழியில் ஒரு விடியற்காலை. வலை கனமாக வந்தது. இரண்டு பேரும் ஒரே பக்கம் குனிந்தோம். படகு சாய்ந்து விளிம்பு வழியாகத் தண்ணீர் உள்ளே ஏறியது. சீட்டுக்கு அடியில் மிதவை அறை இருக்கிறது, நிரம்பினாலும் மூழ்காது என்று சொல்லித்தான் விற்றிருந்தார்கள். படகு கல் மாதிரி இறங்கியது. அந்த இடத்தில் பத்தடித் தண்ணீர், மச்சானுக்கு நீச்சல் அரைகுறை. உள்ளே கிடந்த லாரி டியூப் மேலே வந்ததால் அதைப் பிடித்துக்கொண்டு கரை சேர்ந்தோம். வலை போய்விட்டது.

படகை மேலே எடுத்ததும் சீட்டை அறுத்துப் பார்த்தோம். உள்ளே முழுக்கத் தெர்மோகோல் இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீரும், மஞ்சளாகச் சுருங்கிப்போன ஒரு உருண்டையும் கிடந்தன. கைக்குள் அடங்கும் அளவு, கெட்டியாக, பிசின் நாற்றம். விசாரித்தபோது வேறொரு பைபர் தொழிலாளி விளக்கினார்: பைபர் வேலைக்கு ஊற்றும் பாலியஸ்டர் ரெசின் (பிசின்) நேரடியாகப் பட்டால் தெர்மோகோல் கரைந்துவிடும். அதனால் ரெசினால் கரையாத பி.யூ. (பாலியூரித்தேன்) போம் வைப்பார்கள், இல்லையென்றால் தெர்மோகோலை நன்றாகச் சுற்றிக் காப்பாற்றி வைப்பார்கள். இங்கே அப்படியே வைத்து மேலே ரெசினை ஊற்றி மூடிவிட்டார்கள். ரெசினில் ஊறிய கண்ணாடி நார் தண்ணீரைவிடக் கனம். மிதவை இல்லாத பைபர் படகு நிரம்பினால் அடிக்குத்தான் போகும். மூங்கில் பரிசல் கவிழ்ந்தாலும் மிதக்கும், பிடித்துக்கொள்ளலாம்.

அதோடு முடியவில்லை. இழுத்து வரும்போது உராய்ந்து முன்பக்கத்து நீலப் பெயிண்ட் உரிந்திருந்தது. அதற்கு அடியில் பட்டி, பட்டிக்கும் அடியில் பழைய எழுத்து. டி.என். என்ற எழுத்துகளும் சில எண்களும். கடல் மீன்பிடிப் படகுகளின் முகப்பில் எழுதுகிற பதிவு எண் அது. கடலில் ஓடி ஓய்ந்த படகுக்குப் பட்டி பார்த்து, சீட்டு மட்டும் புதிதாகப் போட்டு, புதுசு என்று எங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள். மோட்டார் மாட்டும் பின்பலகைக்குள் இருந்த பிளைவுட்டைக் கட்டை விரலால் அழுத்தினால் ஊறின ரொட்டி மாதிரி உள்ளே போனது.

ஒரு ரூபாய்க் காசு கையில் இருந்தாலே இதில் பாதியைக் கடையிலேயே கண்டுபிடித்திருக்கலாம். உடம்பு முழுக்கத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடத்தில் டக் டக் என்று கணீரென்று கேட்கும். அடுக்கு விட்டுப்போன இடத்திலும், பட்டி தடியாக இருக்கும் இடத்திலும், பலகை ஊறின இடத்திலும் சத்தம் மந்தமாகிவிடும். புதுப் படகு என்றால் பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் ஒரு நாள் போய்ப் பாருங்கள். வெயிலுக்கு எதிரே பிடித்தால் கனமும் மெலிவும் வெளிச்சத்திலேயே தெரியும். சீட்டை மூடுவதற்கு முன் உள்ளே என்ன வைக்கிறார்கள் என்றும் நின்று பாருங்கள்.

பணத்தைக் கேட்கப் போனபோது பட்டறைக்காரர் பில்லைக் காட்டச் சொன்னார். அதில் "பைபர் ஒர்க்" என்று மட்டும் எழுதியிருந்தது. நீளம் இல்லை, புதுசா பழசா என்பது இல்லை. உங்கள் பில்லில் இவை எல்லாம் இருக்கட்டும். மானியம் நானே வாங்கித் தருகிறேன் என்று தனியாக 5,000 வேறு வாங்கியிருந்தார். பிரதமரின் மீன்வளத் திட்டத்தில் பொதுப் பிரிவுக்கு 40 சதவீதமும் பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் 60 சதவீதமும் மானியம் உண்டுதான். ஆனால் அதற்கு நாமே மீன்வளத் துறையில் விண்ணப்பிக்க வேண்டும். அந்த 5,000-மும் திரும்பவில்லை.

வேலூரில் ஒரு வக்கீலைப் பார்த்தோம். பிழைப்புக்காகச் சொந்தமாகத் தொழில் செய்பவரும் நுகர்வோர்தான், இரண்டு வருஷத்துக்குள் நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம், பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை என்றார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் புகார் சொல்லலாம். உரிந்த பதிவு எண், அறுத்த சீட்டு, அந்த உருண்டை எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்து வழக்குப் போட்டிருக்கிறோம்.

இப்போது இரண்டு பரிசல் வைத்து வலை போடுகிறோம், ஒன்றுக்கு ஒரு ஆள். வேகம் குறைவுதான். வேர்க்கட்டை மேல் ஏறினாலும் துடுப்பால் தள்ளி இறங்கிவிடலாம்.

போன வாரம் அந்தப் பட்டறை வழியாக வந்தேன். இன்னும் இரண்டு படகுகள் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். ஒரு பையன் முகப்பில் கிரைண்டர் வைத்துப் பழைய பதிவு எண்ணைத் தேய்த்துக்கொண்டிருந்தான், பக்கத்தில் நீலப் பெயிண்ட் டப்பா திறந்திருந்தது. ராணிப்பேட்டை, ஆற்காடு, குடியாத்தம் பக்கம் யாராவது புது ஏரிப் படகு என்று நீலப் படகைக் காட்டினால், பணம் கொடுக்கும் முன் முகப்பைச் சாவியால் கொஞ்சம் சுரண்டிப் பாருங்கள்.