அல்சாஸ் ஒயிட் வைனும் அந்த ஊர் சாப்பாடும்: என் ரிவ்யூ

ஃப்ரான்ஸ் வைன்னாலே எல்லாரும் போர்டோ, பர்கண்டின்னுதான் ஆரம்பிக்கிறாங்க, ஆனா ஒயிட் வைன் புடிக்கிற ஆளா இருந்தா, அதுவும் சாப்பாட்டோட சேத்து குடிக்கிற ஆளா இருந்தா, நேரா அல்சாஸ் போங்கன்னுதான் நான் சொல்லுவேன். கிழக்கு ஓரத்துல, வோஷ் மலைக்கும் ரைன் ஆத்துக்கும் நடுவுல நீளமா கிடக்கிற ஏரியா, ஆத்துக்கு அந்தப் பக்கம் ஜெர்மனி. இங்க எடுக்கிற வைன்ல பத்துல ஒம்போது பங்கு ஒயிட்டுதான். வைனுக்கு என்கிட்ட முழு மார்க், சாப்பாட்டுக்கு நீங்க உக்கார்ற கடையைப் பொறுத்து மார்க். ஆனா ரெண்டையும் தனித்தனியா ருசி பாத்துட்டு வந்தீங்கன்னா பாதி சுகம் போச்சு, இந்த ரிவ்யூல நான் திரும்பத் திரும்ப சொல்லப் போறது இதைத்தான்.

ஏன்னா டேஸ்டிங் கவுன்ட்டர்ல நின்னு வெறும் வாயில சிப் பண்ணும்போது இனிப்பா வாசமா இருக்கிற வைன்தான் எல்லாருக்கும் புடிக்குது. கெவூர்ஸ்ட்ராமினர்ங்கிற திராட்சையில பண்ற வைனை மூக்குகிட்ட கொண்டு போனாலே லிச்சி பழமும் பன்னீர் ரோஜாவும் குப்புனு வரும், முதல் தடவை குடிக்கிற யாரும் அதுல விழுந்துடுவாங்க, ரெண்டு பாட்டில் வாங்கிட்டு கிளம்பிடுவாங்க. அதே ஆளை சாயங்காலம் ஒரு தட்டு ஷூக்ரூத் முன்னாடி உக்கார வச்சு பக்கத்துல ட்ரை ரீஸ்லிங், அதாவது ரீஸ்லிங் திராட்சையில பண்ற இனிப்பில்லாத வைன், ஒரு கிளாஸ் வச்சுப் பாருங்க, காலைல ‘என்னடா இப்படிப் புளிக்குது’ன்னு தள்ளி வச்ச அதே வைனை ரெண்டாவது கிளாஸ் கேப்பாங்க.

ஷூக்ரூத்னா பொடிசா சீவின முட்டைகோஸை உப்பு போட்டு வாரக்கணக்குல புளிக்க வச்சு, அப்புறம் ஒயிட் வைன், வெங்காயம், ஜூனிபர் காய் எல்லாம் சேத்து மெதுவா வேக வச்சது. அது மேல பன்னி இறைச்சி விதவிதமா, சாசேஜ், உப்புக் கண்டம், வேக வச்ச உருளைக்கிழங்குன்னு ஒரு மலையே வரும். ஒரு ஆள் முழுசா முடிக்கிறது கஷ்டம், ரெண்டு பேர் பகிர்ந்துக்கலாம். நல்ல கடையில கோஸ் குழையாது, பல்லுல லேசா கடிபடும், புளிப்பு நம்ம ஊறுகாய் அளவுக்கு அடிக்காது, பின்னாடி மெல்லமா தெரியும். கொழுப்பு வாயில ஒட்டுற நேரத்துல ரீஸ்லிங் ஒரு மடக்கு போனா நாக்கு சுத்தமாயிடும், அடுத்த வாய் முதல் வாய் மாதிரியே இருக்கும். வைனோட புளிப்பு எதுக்குன்னு அங்கதான் புரியுது. ‘ஷூக்ரூத் தல்சாஸ்’ங்கிற பேருக்கு 2018ல ஐரோப்பிய யூனியன்ல புவிசார் குறியீடு கிடைச்சிருக்கு, நம்ம திண்டுக்கல் பூட்டு, பழநி பஞ்சாமிர்தத்துக்கு கிடைச்ச மாதிரி.

ஊர் பத்தி கொஞ்சம். நான் தங்கினது கோல்மார்ல, ஸ்ட்ராஸ்பூர்க்ல இருந்து ட்ரெயின்ல அரைமணி நேரம். மேற்குப் பக்கம் இருக்கிற வோஷ் மலை மழை மேகத்தை எல்லாம் தடுத்து வச்சுக்குது, அதனால ஃப்ரான்ஸ்லயே ரொம்ப கம்மியா மழை பெய்யிற ஊர்கள்ல கோல்மாரும் ஒண்ணு. அவ்ளோ வடக்குல இருந்தும் திராட்சை நிதானமா முழுசா பழுக்குறதுக்குக் காரணம் இதுதான், வெயில் காலம் முடிஞ்சும் வெதர் காய்ஞ்சே இருக்கும், பழம் கொடியிலயே தொங்கி சர்க்கரை ஏறும், அதே நேரம் ராத்திரி குளிர்றதால புளிப்பும் போகாது. மண்ணும் ஒரே மாதிரி கிடையாது, ஒரு கிராமத்துல கிரானைட், பக்கத்து கிராமத்துல சுண்ணாம்பு, அடுத்தது களிமண், தெற்குக் கோடியில டான் ஊர்ல ராங்கென்னு ஒரு செங்குத்தான சரிவு, அது எரிமலைப் பாறை. இப்படி தனியா பேர் குடுத்து வச்சிருக்கிற கிரான் க்ரூ, அதாவது உசத்தியான அந்தஸ்து வாங்கின தோட்டங்கள் மொத்தம் 51 இருக்கு. 1975ல முதல்ல அந்த அந்தஸ்து வாங்கினது கைசெர்ஸ்பெர்க் பக்கத்துல இருக்கிற ஷ்லாஸ்பெர்க், கிரானைட் மண்ணு. அந்த ரீஸ்லிங்கைத்தான் நான் எல்லாருக்கும் முதல்ல சொல்லுவேன், எலுமிச்சைத் தோல் வாசம், கத்தி மாதிரி நேரா போகும், குடிச்சு முடிச்சு ரொம்ப நேரம் வாயில நிக்கும்.

வருஷம் ஏற ஏற ரீஸ்லிங்ல மண்ணெண்ணெய் வாசம் வரும், பயந்துடாதீங்க, கெட்டுப் போகல. அந்தத் திராட்சையோட குணமே அது, நல்லா வெயில் பட்டு பழுத்த பழத்துல இருந்து பாட்டில்ல வருஷக்கணக்கா இருக்கும்போது வெளிய வர்ற வாசம். சிலருக்கு அது சுத்தமா புடிக்காது. எனக்கு கொஞ்சூண்டு இருந்தா ரொம்ப புடிக்கும், தேனும் எலுமிச்சையும் கூட சேந்து வரும்போது வேற எந்த ஒயிட் வைன்லயும் நான் பாக்காத விஷயம்.

இப்ப காசு விஷயம். கிராமத்துல குடும்பமா வைன் பண்றவங்க வீட்டு வாசல்லயே போர்டு தொங்கும், உள்ள போய் வணக்கம் சொல்லி கேட்டா உக்கார வச்சு ஊத்துவாங்க. சில இடத்துல ஃப்ரீ, சில இடத்துல சின்ன கட்டணம், பாட்டில் வாங்கினா அதைக் கழிச்சுக்குவாங்க. சாதாரண ரீஸ்லிங், பினோ ப்ளான், சில்வானர்னு ஒயிட் வைன் எல்லாம் நான் பாத்த வரைக்கும் 10-15 யூரோவுக்குள்ளயே நல்லதா கிடைக்குது, கிரான் க்ரூ அதுக்கு மேல. இந்தத் தரத்துக்கு பர்கண்டியில இந்தக் காசுக்கு எதுவும் தொட முடியாது, அதனாலதான் வேல்யூ ஃபார் மணியில அல்சாஸ்க்கு கண்ணை மூடிட்டு அஞ்சுக்கு அஞ்சு குடுக்கிறேன். எகிசைம் பக்கம் நான் போன ஒரு சின்ன பாதாள அறையில கடைக்கார அம்மாவுக்கு இங்கிலீஷ் சுத்தமா வரல, எனக்கு ஃப்ரெஞ்சு அரைகுறை, ஆனா ஒவ்வொரு பாட்டிலுக்கும் கையால மேப்ல தோட்டம் எங்க இருக்குன்னு காட்டி, அந்த மண்ணுல இருந்து எடுத்த ஒரு கல்லை என் உள்ளங்கையில வச்சு, அப்புறம்தான் கிளாஸ்ல ஊத்தினாங்க. ஒண்ணு கரடுமுரடா மினுமினுன்னு கிரானைட், இன்னொண்ணு வெளுத்துப் போன சுண்ணாம்புக் கல்லு, கையில ஒட்டுற மாதிரி. ரெண்டுமே ரீஸ்லிங், ரெண்டுமே ஒரே வருஷம், ஆனா முதலாவது மெலிசா கூர்மையா இருந்துச்சு, ரெண்டாவது வாயை நிரப்புச்சு. மண்ணு மாறினா வைன் மாறும்னு சும்மா வியாபாரத்துக்கு சொல்றாங்கன்னு நினைக்கிறவங்க இப்படி ஒரு தடவை குடிச்சுப் பாக்கணும்.

ஆனா எல்லா இடமும் இப்படி கிடையாது. கூட்டம் அள்ளுற ஒரு கிராமத்துல பஸ்ல வர்ற டூரிஸ்ட்டுக்குன்னே கடை விரிச்சிருக்கிற ஒரு இடத்துல, ட்ரையா வேணும்னு கேட்டும் திரும்பத் திரும்ப இனிப்பையே ஊத்துனாங்க, பேரு கேட்டா வேகமா சொல்லிட்டு அடுத்த ஆளுகிட்ட போயிட்டாங்க. அந்த மாதிரி இடத்துல ஒரு கிளாஸோட எந்திரிச்சு வந்துடுங்க.

இந்த இனிப்பு மேட்டர் அல்சாஸ்ல ரொம்ப நாள் தலைவலி. ஒரே மாதிரி நீளமா ஒல்லியா இருக்கிற பாட்டில், வெளிய ரீஸ்லிங், பினோ கிரின்னு திராட்சை பேரு மட்டும் இருக்கும், உள்ள எவ்ளோ சர்க்கரைன்னு தொறந்தாதான் தெரியும்னு இருந்துச்சு. 2021 அறுவடையில இருந்து லேபிள்ல கண்டிப்பா போடணும்னு ஆக்கிட்டாங்க: செக், தெமி-செக், முவல்லூ, தூ. முதலாவது ட்ரை, கடைசி நல்ல இனிப்பு. பாட்டிலை எடுத்ததும் பின்பக்கம் திருப்பி அந்த வார்த்தையைத் தேடுங்க. வாந்தாஞ் தார்திவ்னு போட்டிருந்தா லேட்டா அறுவடை பண்ணின இனிப்பு வைன், விலையும் ஜாஸ்தி. அது சாப்பாட்டுக்கு இல்ல, கடைசில சீஸ் கூடவோ தனியாவோ மெதுவா குடிக்கிறது.

சாப்பாட்டுக்கு வருவோம். இந்த ஊர்ல வின்ஷ்டூப்னு சொல்ற கடைங்கதான் தேடிப் போக வேண்டியது, மரப் பலகை அடிச்ச சுவரு, கட்டம் போட்ட மேஜைத் துணி, பச்சைக் காம்பு வச்ச கிளாஸ். கோல்மார்ல கால்வாய் ஓரமா போட்டோ எடுக்கிற இடத்துல இருக்கிற ஒரு ஹோட்டல்ல நான் சாப்பிட்ட தார்த் ஃப்ளாம்பே, பீட்சா மாதிரி மெலிசான ஐட்டம், நடுவுல ஈரமா, ஓரம் ரப்பர் மாதிரி, ஃப்ரீஸர்ல இருந்து எடுத்து சூடு பண்ணினதுன்னு முதல் கடியிலயே தெரிஞ்சுது, விலை மட்டும் குறையில்லாம வாங்குனாங்க. அதே ஐட்டத்தை ஊருக்கு வெளிய ஒரு கிராமத்துல விறகு அடுப்புக் கடையில சாப்பிட்டப்பதான் அது என்னன்னே தெரிஞ்சுது. மாவை காகிதம் மாதிரி தேய்ச்சு, மேல க்ரீமும் வெள்ளை சீஸும் தடவி, வெங்காயம், பன்னிக்கறி துண்டு தூவி, கொதிக்கிற அடுப்புல ரெண்டு நிமிஷம். முந்தி கிராமத்துல ரொட்டி சுடுறதுக்கு முன்னாடி அடுப்பு எவ்ளோ சூடா இருக்குன்னு பாக்க போட்டதாம் இது. மரப்பலகையில வரும், ஓரம் அங்கங்க கருகி இருக்கணும், அந்தக் கருகல் இல்லன்னா அது சரியில்ல. கையால எடுத்து சுருட்டி சாப்பிடுங்க, எல்லாரும் அப்படித்தான் சாப்பிடுறாங்க. ஒண்ணு முடிய முடிய அடுத்தது சூடா கொண்டு வருவாங்க, மேஜையில இருக்கிற எல்லாரும் பிச்சு சாப்பிடுறது. இதுக்கு கிரான் க்ரூ எல்லாம் வேணாம், சில்வானர் இல்ல பினோ ப்ளான் ஒரு ஜாடி சொல்லுங்க, குளிர்ச்சியா லைட்டா இருக்கும், க்ரீமுக்கு அவ்ளோ பொருத்தம். சில்வானரை யாரும் கண்டுக்கிறதே இல்ல, எனக்கு அது ஆதங்கமா இருக்கு, மித்தல்பெர்கைம்ல ட்ஸோட்சென்பெர்க்னு ஒரு கிரான் க்ரூ தோட்டத்துல இருந்து வர்ற சில்வானரை குடிச்சுட்டு யாராவது இது சாதாரண வைன்னு சொல்லட்டும் பாப்போம்.

பெக்கஓஃபன்னு ஒரு ஐட்டம் இருக்கு, குளிர் காலத்துல போனா விடாதீங்க. மாடு, பன்னி, ஆடுன்னு மூணு கறியையும் ராத்திரி பூரா ஒயிட் வைன்ல ஊற வச்சு, உருளைக்கிழங்கு, வெங்காயம் எல்லாம் அடுக்கி, சூஃப்லென்ஹைம்ல பண்ற பூ வரைஞ்ச மண் சட்டியில வச்சு, மூடியை மாவால ஒட்டி அடைச்சு மணிக்கணக்குல அடுப்புல விடுறாங்க. நம்ம தம் பிரியாணிக்கு மாவு ஒட்டுற அதே டெக்னிக்தான். மேஜைக்கு வந்து அந்த மாவு ஓட்டை உடைக்கும்போது வர்ற ஆவி வாசத்துக்கே காசு குடுக்கலாம். நிறைய கடையில முன்னாடி நாளே சொல்லி வைக்கணும், திடீர்னு போய் கேட்டா கிடைக்காது. இதுக்கு பினோ கிரி எடுத்தேன், கொஞ்சம் கனமா புகை வாசத்தோட, கறிக்கு ஈடு குடுத்துச்சு.

வெஜிடேரியன் ஆளுங்க கவலைப்படத் தேவையில்ல, ஆனா கேட்டு வாங்கணும். தார்த் ஃப்ளாம்பேல கறி இல்லாம வெங்காயமும் காளானும் மட்டும் போட்டு தருவாங்க, மன்ஸ்டர் சீஸ் போட்டதும் உண்டு. பிபெலெஸ்கேஸ்னு ஒண்ணு இருக்கு, வெள்ளை சீஸ்ல பூண்டு, வெங்காயத்தாள் மாதிரி பொடி இலை எல்லாம் கலந்து கூட வறுத்த உருளைக்கிழங்கு, நம்ம தயிர் புடிக்கிற நாக்குக்கு ரொம்ப ஒத்துக்கும். ஷூக்ரூத்ல மட்டும் ஏமாந்துடாதீங்க, கறியை ஒதுக்கி வச்சாலும் கோஸை வேக வச்சதே பன்னிக் கொழுப்புலயோ வாத்துக் கொழுப்புலயோதான் இருக்கும்.

கெவூர்ஸ்ட்ராமினரை ஆரம்பத்துல ஒதுக்கின மாதிரி பேசிட்டேன்னு நினைக்க வேணாம், அதுக்குன்னு ஒரு ஜோடி இருக்கு, மன்ஸ்டர் சீஸ். கோல்மாருக்கு மேற்கால இருக்கிற பள்ளத்தாக்குல பசும்பால்ல பண்றது, மேல்தோலை அடிக்கடி கழுவிக் கழுவிப் பழுக்க விடுறதால ஆரஞ்சு கலர்ல இருக்கும், நாத்தம் நிஜமாவே பலமா இருக்கும், ஃப்ரிட்ஜ்ல வச்சா வீடே மணக்கும். ஆனா வாயில போட்டா வெண்ணெய் மாதிரி சாந்தமா இருக்கும். பக்கத்துல ஷாஜீரா மாதிரி விதை கொஞ்சம் வைப்பாங்க, அதைத் தொட்டு சாப்பிட்டு கெவூர்ஸ் ஒரு மடக்கு, ரோஜா வாசமும் அந்த நாத்தமும் மோதி எப்படி இவ்ளோ நல்லா ஒண்ணா சேருதுன்னு எனக்கு இன்னும் ஆச்சரியமா இருக்கு. சீஸ் வாங்க கோல்மார்ல 1865ல கட்டின செங்கல் மார்க்கெட் ஒண்ணு இருக்கு, ஆத்தங்கரையில, காலைல போங்க. காரமான சாப்பாட்டுக்கும் கெவூர்ஸ் நல்லா போகும், நம்ம மிளகு கறி, செட்டிநாட்டு கோழி கூட லேசான இனிப்பு இருக்கிற பாட்டிலா எடுத்துக்கங்க, முழு ட்ரை எடுத்தா காரம் இன்னும் எகிறும்.

போறவங்களுக்கு சில விஷயம். வைன் ரோடுன்னு 1953ல இருந்து இருக்கிற பாதை வடக்க மார்லென்ஹைம்ல இருந்து தெற்க டான் வரைக்கும் சுமார் 170 கிலோமீட்டர், முழுசா போகணும்னு ஆசைப்படாதீங்க, கோல்மாரைச் சுத்தி எகிசைம், ரிக்விர், ரிபோவில்லே, கைசெர்ஸ்பெர்க் போதும். டேஸ்டிங் போறப்ப கார் ஓட்டாதீங்க, ஃப்ரான்ஸ்ல ரத்தத்துல லிட்டருக்கு 0.5 கிராம்தான் லிமிட், ஊத்துறதைத் துப்புறதுக்கு கிண்ணம் வச்சிருப்பாங்க, அதுல துப்புறது மரியாதைக்குறைவு இல்ல. தோட்டத்துக்கு நடுவுல சைக்கிள் பாதை அருமையா போட்டிருக்காங்க. மதியம் ரெண்டு மணிக்கு மேல பல கடையில சமையல் கிடையாது, நாலு மணிக்குப் போய் சோறு கேட்டா பட்டினிதான். டிசம்பர்ல கிறிஸ்மஸ் மார்க்கெட் கூட்டம், ரூம் விலை எகிறும், வைன்தான் முக்கியம்னா அப்ப வேணாம். அறுவடை நேரத்துல தோட்டம் பாக்க அழகு, ஆனா குடும்பத்துல எல்லாரும் வேலையா இருப்பாங்க, பேச ஆள் கிடைக்காது. நான் மே மாசத்தைத்தான் சொல்லுவேன், அப்ப வெள்ளை ஆஸ்பாரகஸ் சீசன், கட்டை விரல் தடிமன்ல வேக வச்சு ஹாம், சாஸ் எல்லாம் வச்சு தருவாங்க, அதுக்கு எந்த வைனும் லேசுல ஒத்துவராது, அல்சாஸ்ல முஸ்கா திராட்சையில பண்ற ட்ரை வைன் மட்டும் பச்சைத் திராட்சையைக் கடிச்ச மாதிரி வந்து கச்சிதமா உக்காருது.