பேட்டரி மாற்றிய கையோடு: ஸ்டார்ட் ஸ்டாப் காருடன் என் அனுபவம்

இதே காரை வாங்கலாமா, பராமரிப்புச் செலவு கையைக் கடிக்குமா என்று நண்பர் ஒருவர் கேட்டபோது, பேட்டரி மாற்றிய ரசீது இன்னும் என் சட்டைப்பையில் இருந்தது. ஆகவே இந்தப் பதிலில் சற்றுக் கோபம் கலந்திருந்தால் பொறுத்துக்கொள்ளவும். இன்ஜின், கியர், சஸ்பென்ஷன் எதிலும் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஒரு சர்வீஸுக்கும் அடுத்த சர்வீஸுக்கும் இடையில் ஆயில் ஊற்ற வேண்டிய தேவை வந்ததே இல்லை. ஆனால் சிக்னலில் நின்றவுடன் இன்ஜினைத் தானாக அணைத்துவிடும் ஸ்டார்ட் ஸ்டாப் வசதியை மட்டும் என்னால் இன்றுவரை சகித்துக்கொள்ள முடியவில்லை.

கார் நின்றதும் ஆர்பிஎம் முள் பூஜ்யத்துக்கு இறங்குகிறது. இன்ஜினின் பெல்ட்டில் ஓடும் ஏசி கம்ப்ரஸரும் கூடவே நின்றுவிட, ஃபேன் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும். சற்று நேரத்தில் குளிர்ச்சி போய், உள்ளே தங்கிய ஈரத்தின் பிசுபிசுப்பான காற்று முகத்தில் அடிக்கத் தொடங்கும். இதை அணைத்துவைக்கப் பொத்தான் உண்டுதான், ஆனால் காரை அடுத்த முறை ஸ்டார்ட் செய்யும்போது வசதி மறுபடியும் உயிர்பெற்றுவிடுகிறது. நியாயமாகச் சொன்னால், சும்மா நிற்கும் சிறிய பெட்ரோல் இன்ஜினும் மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் குடிக்கக்கூடியது என்பதால், நீண்ட நெரிசலில் நிற்பவருக்கு இதனால் லாபம் உண்டு.

என் வழக்கமோ குறுகிய தூரப் பயணம், சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. இத்தகைய கார்கள் பலவற்றில், பிரேக் பிடிக்கும்போது கிடைக்கும் ஆற்றலைச் சேமிக்க இடம் வேண்டும் என்பதற்காக, ஆல்டர்னேட்டர் (இன்ஜின் சுழற்சியில் மின்சாரம் தரும் கருவி) பேட்டரியை வேண்டுமென்றே முழுமையாக நிரப்பாமல் வைத்திருக்கிறது. ஒவ்வொரு சிக்னலிலும் விளக்கு, ஃபேன், மியூசிக் சிஸ்டம் எல்லாம் பேட்டரியிலிருந்தே இழுக்க, அதை ஈடுகட்டும் முன்பே வண்டி வீடு சேர்ந்துவிடுகிறது. போதிய சார்ஜ் இல்லையென்றால் ஸ்டார்ட் ஸ்டாப் தானாகவே ஓய்வெடுத்துக்கொள்ளும். எனக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது, ஆனால் பேட்டரி தளர்ந்துவருகிறது என்பதற்கு அதுவே முதல் அறிகுறி. இரவு முழுவதும் நின்ற காரில் மல்டிமீட்டர் (வோல்ட் அளக்கும் கருவி) வைத்துப் பார்த்தால், முழுச் சார்ஜுக்கு ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும், 12.2 என்றால் பாதி சார்ஜ் போய்விட்டது என்று பொருள்.

பணிமனையில் நடந்ததைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. அளவு ஒன்றுதான், விலையும் குறைவு என்று சொல்லிச் சாதாரண பேட்டரியைப் பொருத்த முனைந்தார்கள். அடிக்கடி இறங்கி ஏறும் சார்ஜைத் தாங்கவே இத்தகைய கார்களுக்கு இஎஃப்பி (வலுவூட்டப்பட்ட திரவ பேட்டரி) அல்லது ஏஜிஎம் (அமிலத்தைக் கண்ணாடியிழைப் பாயில் உறிஞ்சி வைத்திருக்கும் பேட்டரி) வகை பேட்டரி தரப்படுகிறது. சாதாரண பேட்டரி அந்த உழைப்பைத் தாங்காது என்பதை வாடிக்கையாளனாகிய நான் அவர்களுக்கு விளக்க வேண்டியிருந்தது. இன்னொரு நுட்பமும் அங்கே யாருக்கும் தெரியவில்லை. பேட்டரியின் நெகட்டிவ் முனையில் சார்ஜைக் கணக்கிடும் சிறிய சென்சார் இருந்தால், வெளிச் சார்ஜரின் கறுப்பு கிளிப்பை அந்த முனையில் நேராக மாட்டாமல், கையேடு காட்டும் எர்த் இடத்தில் (காரின் உலோக உடலோடு இணைந்த புள்ளியில்) மாட்ட வேண்டும். இல்லையேல் ஏறிய சார்ஜ் சென்சாரின் கணக்கில் வராது. சில கார்களில் புதிய பேட்டரியைக் காரின் கணினியில் பதிவுசெய்யவும் வேண்டும்.

இத்தனை புலம்பிய பிறகும், ஓட்டும் சுகத்துக்காக நான் இந்தக் காரை விற்கப்போவதில்லை. ஆனாலும் நண்பரே, நீங்கள் கேட்டது இன்று என்பதால் என் பதில் ‘வேண்டாம்’ என்பதுதான். அடுத்த மாதம் கேட்டால் ஒருவேளை மாற்றிச் சொல்வேன். அதையும் மீறிப் பழைய வண்டியாக வாங்குவதென்றால், பானெட்டைத் திறந்து பேட்டரியின் மேல் ஏஜிஎம் அல்லது இஎஃப்பி என்று அச்சிடப்பட்டிருக்கிறதா, கையேட்டில் சொன்ன வகையும் அதுதானா என்று பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் புதிய பேட்டரியின் விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.