பைக் விபத்துக் கிளெய்ம் சேவை: ஐந்துக்கு இரண்டு ஸ்டார்

நான் இந்தக் கம்பெனியின் வாடிக்கையாளர் இல்லை. என்னை இடித்த காருக்கு இன்சூரன்ஸ் போட்டிருந்தவர்கள் இவர்கள். ஏழு மாதம் மல்லுக்கட்டியதில் ரிவ்யூ எழுதும் உரிமை எனக்கும் வந்துவிட்டது. பெயர் வேண்டாம்.

பச்சை விளக்கில் நேராகப் போனேன். எதிரே வந்த கார் சட்டென்று எனக்குக் குறுக்கே திரும்பியது. பிரேக் பிடித்தேன், பைக் சறுக்கியது, காரின் பின்கதவில் மோதி விழுந்தேன். என்னைத் தூக்கிக்கொண்டு போன புண்ணியவான் அவசர சிகிச்சைப் பிரிவில் “பைக் ஸ்லிப் ஆகி விழுந்துட்டார்” என்றார். டியூட்டி டாக்டர் அதையே எழுதிவிட்டார். முனகிக்கொண்டிருந்த நான் கவனிக்கவில்லை. மூன்று மாதம் கழித்து வந்த மறுப்புக் கடிதத்தில் முதல் காரணமே அதுதான்: தானாகச் சறுக்கி விழுந்ததாகத்தான் குறிப்பு இருக்கிறது, கார் பற்றிப் பேச்சே இல்லை.

அடுத்தது மணிக்கட்டு. முதல் நாள் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. வலி குறையாததால் 12ஆம் நாள் மறுபடி எடுத்தார்கள். ஸ்கேஃபாய்டில் விரிசல். முந்திரிப்பருப்பு போல ஒரு சின்ன எலும்பு. அதன் முறிவு முதல் படத்தில் சிக்காமல் போவது எலும்பு டாக்டர்களுக்குப் பழகிய கதை. கம்பெனிக்கு மட்டும் புதுக்கதை. “இடைப்பட்ட நாட்களில் வேறெங்காவது அடிபட்டிருக்கலாம்” என்று எழுதினார்கள். அந்த 12 நாளும் நான் டாக்டரிடம் போகாமல் வீட்டிலேயே ஐஸ் வைத்துக்கொண்டிருந்தது அவர்களுக்கு வசதியாகிவிட்டது.

அப்புறம் அந்த போன். விபத்துக்கு மறுநாள் ஒருவர் அன்பாக “எப்படி இருக்கீங்க சார்?” என்றார். யார் கேட்டாலும் வாயில் வரும் “பரவாயில்லை”யைச் சொன்னேன். பதிவு செய்திருக்கிறார்கள். கடிதத்தில் அது ‘நலமாக இருப்பதாகத் தெரிவித்தார்’ ஆகிவிட்டது. வேகம் கேட்டபோது “ஐம்பது, அறுபது இருக்கும்” என்று குத்துமதிப்பாகச் சொன்னதும் என் தலையில்தான் விடிந்தது. ஹெல்மெட் போட்டிருந்தீர்களா என்று மூன்று முறை கேட்டார்கள். போட்டிருந்தேன். உடைந்தது மணிக்கட்டு.

பைக்காரன் என்றால் பறப்பவன் என்ற நினைப்பு இவர்களுக்கு. அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் என்ற ஆய்வாளரின் குழு 900 பைக் விபத்துகளை நேரில் ஆராய்ந்து 1981இல் அறிக்கை கொடுத்தது. வேறு வண்டியோடு மோதிய விபத்துகளில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு, அந்த வண்டி பைக்குக்கு வழிவிடாததால் நடந்தவை. மேல்முறையீட்டில் இதையும் எழுதினேன். யாரும் சட்டை செய்ததாகத் தெரியவில்லை.

வேலை செய்தது வேறு. எலும்பு டாக்டர் அரைப் பக்கத்தில் எழுதிக் கொடுத்த விளக்கம் ஒன்று. என் ஹேண்டில்பார் நுனியில் ஒட்டியிருந்த நீல பெயின்ட் இன்னொன்று. கார் நீலம், என் பைக் கறுப்பு. நல்லவேளை, மெக்கானிக் துடைப்பதற்கு முன் போட்டோ எடுத்து வைத்திருந்தார்.

வேகத்தைக் காரணம் காட்டி 20 சதவீதம் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார்கள். இரண்டு ஸ்டாரும், மேல்முறையீட்டில் என் ஃபைலை முழுசாகப் படித்த இரண்டாவது அதிகாரிக்கு. இப்போதெல்லாம் யார் போனில் நலம் விசாரித்தாலும் “டாக்டர் ரிப்போர்ட் வரட்டும்” என்கிறேன். அம்மாவுக்குத்தான் கோபம்.