டொமைன் சர்வரா, கிளவுடா: 120 கணினி ஆபீசில் நான் எடுத்த முடிவு

ஆபீஸ் கணினிகளின் லாகினையும் அனுமதிகளையும் ஒரே இடத்திலிருந்து கவனிக்கும் எங்கள் டொமைன் சர்வர் ஓடியது விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2-இல். அதற்கான மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2023 அக்டோபரிலேயே முடிந்துவிட்டது. அதற்குப் பிறகும் ஒரு வருடம் ஓட்டினோம், பெருமைப்படும் விஷயமில்லை. மாற்றியே ஆக வேண்டும் என்று ஆனபோது நிர்வாகம் கேட்டது ஒரே கேள்வி: "எல்லாரும் கிளவுடுக்குப் போறாங்களே, நமக்கு எதுக்கு இன்னொரு சர்வர்?"

நியாயமான கேள்விதான். 120 கணினிகள். டிசைன், அக்கவுண்ட்ஸ், பர்சேஸ், ஸ்டோர்ஸ் எல்லாம் ஒரே வளாகத்தில். சேல்ஸ் ஆட்கள் 15 பேர் மட்டும் லேப்டாப்போடு ஊர் ஊராகச் சுற்றுபவர்கள். புது சர்வர் வாங்கி ஆக்டிவ் டைரக்டரியிலேயே (டொமைன் சர்வரில் இருக்கும் பயனர், கணினிப் பதிவேடு) தொடரலாம். அல்லது சர்வரையே எடுத்துவிட்டு என்ட்ரா ஐடிக்கும் இன்ட்யூனுக்கும் மாறலாம் (என்ட்ரா என்பது மைக்ரோசாஃப்டின் கிளவுட் லாகின் சேவை, 2023 வரை அஷூர் ஏடி என்று அழைத்தோமே, அதுதான்; இன்ட்யூன் கணினிகளை இன்டர்நெட் வழியாக நிர்வகிப்பது). 10 லேப்டாப்களில் 3 மாதம் இன்ட்யூனை ஓட்டிப் பார்த்துவிட்டு, புது சர்வரே போதும் என்று முடிவெடுத்தேன்.

செலவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒன்றில் சர்வர், லைசென்ஸ், ஆளுக்கொரு சிஏஎல் (சர்வரைப் பயன்படுத்தும் உரிமம்) என்று மொத்தமாகப் போகிறது. இன்னொன்றில் மாதாமாதம் தலைக்கு இவ்வளவு என்று போகிறது. 5 வருடத்துக்குக் கூட்டிப் பார்த்தபோது எங்கள் கணக்கில் பெரிய வித்தியாசம் வரவில்லை. லோக்கல் அட்மின் பாஸ்வேர்டை அவ்வப்போது தானாக மாற்றும் லேப்ஸ் வசதி 2023 ஏப்ரல் அப்டேட்டிலிருந்து விண்டோஸிலேயே இருக்கிறது, இரண்டு பக்கமும் வேலை செய்கிறது. ஆக அதிலும் சமம்.

என் முடிவைத் தீர்மானித்தது ஃபோல்டர் பெர்மிஷன், அதாவது எந்த ஃபோல்டரை யார் திறக்கலாம் என்ற அனுமதி. போடுவதில் சிரமமில்லை, வருடக்கணக்கில் பராமரிப்பதில்தான் இருக்கிறது.

நான் சேர்வதற்கு முன்னால் இருந்தவர்கள் யார் கேட்டாலும் அவர் பெயரையே நேரடியாக ஃபோல்டரில் சேர்த்து வந்திருக்கிறார்கள். செக்யூரிட்டி டேபைத் திறந்தால் எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீளமான எண்கள் வரிசையாக நிற்கும். வேலையை விட்டுப் போய், அக்கவுண்ட்டும் அழிக்கப்பட்டவர்களின் மிச்சம் அது. அதுகூடப் பரவாயில்லை. பர்சேஸிலிருந்து ஸ்டோர்ஸுக்கு மாறிய ஒருவர், மாறி இரண்டு வருடம் கழித்தும் சப்ளையர் கொட்டேஷன்களைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மேல் தப்பில்லை. ஏதோ ஒரு உள்ஃபோல்டரில் இன்ஹெரிடன்ஸை (மேல் ஃபோல்டரின் பெர்மிஷன் தானாக இறங்குவதை) உடைத்து, அவர் பெயரைத் தனியாகப் போட்டிருந்தார்கள். மேலிருந்து பார்த்தால் தெரியாது. பவர்ஷெல் என்ற விண்டோஸ் கட்டளைக் கருவியில் முழு டிரைவின் பெர்மிஷனையும் பட்டியல் எடுத்து, மூன்று வார இறுதிகள் உட்கார்ந்து சுத்தம் செய்தேன்.

இப்போது எந்த ஃபோல்டரிலும் ஆள் பெயர் கிடையாது. ஒவ்வொரு ஃபோல்டருக்கும் இரண்டு குரூப்: படிக்க மட்டும் ஒன்று, திருத்த ஒன்று. துறைக்கான குரூப்பை அதற்குள் போடுகிறேன். நெட்வொர்க் வழியாக வருபவர்களுக்கான ஷேர் பெர்மிஷனைத் தாராளமாக விட்டு, டிஸ்கில் ஃபோல்டர் மேலேயே இருக்கும் என்டிஎஃப்எஸ் பெர்மிஷனில் இறுக்கிப் பிடிக்கிறேன்; இரண்டில் எது கடுமையோ அதுதானே செல்லும். எச்ஆரிடமிருந்து இடமாற்ற மெயில் வந்தால் ஒரு குரூப்பிலிருந்து எடுத்து இன்னொன்றில் சேர்ப்பதோடு வேலை முடிந்தது. "லாக் ஆஃப் பண்ணிட்டு வாங்க" என்று மட்டும் சொல்ல வேண்டும், ஏனென்றால் குரூப் விவரம் லாகின் ஆகும்போதுதான் டோக்கனில் (அவருக்கான அனுமதிச் சீட்டு மாதிரி) ஏறும். பாதிப் பேர் ஸ்கிரீனை லாக் செய்துவிட்டு வந்து "பண்ணிட்டேன் சார், இன்னும் திறக்கல" என்பார்கள்.

இதிலும் ஓட்டை உண்டு. ஒரே டிரைவுக்குள் ஃபைலை இழுத்து வேறு ஃபோல்டரில் போட்டால் பழைய பெர்மிஷனும் கூடவே போகும். காப்பி செய்தால்தான் புது இடத்தின் பெர்மிஷன் ஏறும்.

கிளவுடில் இதே வேலை எப்படி? ஆக்டிவ் டைரக்டரியே இல்லையென்றால், என்ட்ராவில் மட்டும் இருக்கும் ஆளுக்கு நம் சாதாரண ஃபைல் சர்வரில் பெர்மிஷன் கொடுக்க வழியில்லை. ஃபைல்கள் மைக்ரோசாஃப்டின் கிளவுட் ஃபைல் இடமான ஷேர்பாயிண்டுக்குப் போயாக வேண்டும். வேர்டு, எக்செல் என்றால் அங்கேதான் சௌகரியம். நாலு பேர் ஒரே ஷீட்டில் வேலை செய்யலாம். எங்கள் டிசைன் ஆட்களிடம் இருப்பதோ ஒரு அசெம்பிளி திறந்தால் நூற்றுக்கணக்கான பார்ட் ஃபைல்களைத் தேடும் கேட் (CAD, கணினியில் வரையும்) டிராயிங்குகள். சோதனையில் சிங்க் முடியும்வரை அவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அதைவிட எனக்கு உறுத்தியது ஷேர் பட்டன். ஃபைல் சர்வரில் பெர்மிஷன் என் மூலமாகத்தான் போகும். ஷேர்பாயிண்டில் ஒவ்வொருவரும் லிங்க் எடுத்து அடுத்தவருக்கு அனுப்பலாம். அப்படித் தனிப் பெர்மிஷன் பெற்ற ஃபைல்கள் சேர்ந்துகொண்டே போகும். ஒரு லைப்ரரியில் (ஷேர்பாயிண்டின் ஃபைல் தொகுப்பு) இவை 5,000-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது. எனக்கோ அந்தச் சப்ளையர் கொட்டேஷன் கதைதான் ஞாபகம் வந்தது. இதைக் கட்டுப்படுத்த அட்மின் பக்கம் அமைப்புகள் இருக்கின்றன. 3 மாதத்தில் அவற்றை முழுசாகப் பழகினேன் என்று சொல்ல மாட்டேன். பழகியவர்கள் என்னோடு முரண்படலாம்.

சர்வர் வைத்திருப்பது சும்மா இல்லை. டொமைன் கன்ட்ரோலர் (டொமைனை நடத்தும் சர்வர்) ஒன்று போதாது, இரண்டு வேண்டும். பேக்கப் வேண்டும். யாராவது டிஎன்எஸ்ஸில் (பெயரை வைத்து சர்வரைத் தேடும் அமைப்பு) நம் சர்வருக்குப் பதிலாக கூகுளின் 8.8.8.8 போட்டு வைத்தால் அந்தக் கணினிக்கு டொமைனே தெரியாது. கடிகாரம் 5 நிமிடத்துக்கு மேல் விலகினால் லாகினைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் உள்ளே விடாது. பழைய கணினியில் கடிகாரத்தை ஓட்டும் சீமாஸ் பேட்டரி தீர்ந்து, லாகின் ஆகவில்லை என்று காலையில் போன் வருவது எனக்குப் பழகிப்போனது.

சேல்ஸ் லேப்டாப் விஷயத்தில் இன்ட்யூனுக்கே என் ஓட்டு. ஆபீசில் குரூப் பாலிசி (டொமைன் சர்வர் கணினிகளுக்கு அனுப்பும் அமைப்புகள்) 90 நிமிடத்துக்கு ஒருமுறை, கூடவே அரை மணி நேரம் வரை தாமதத்தோடு, புதுப்பித்துக்கொள்ளும். ஆனால் இரண்டு மாதமாக ஆபீஸ் பக்கமே வராத லேப்டாப்புக்கு, ஆபீஸ் நெட்வொர்க்கோடு இணைக்கும் விபிஎன் இல்லாமல் எதுவும் போய்ச் சேராது. இன்ட்யூன் 8 மணி நேரத்துக்கு ஒருமுறைதான் வழக்கமாகப் பேசும் என்றாலும், இன்டர்நெட் இருந்தால் எங்கிருந்தாலும் பேசும். ஆகவே அக்கவுண்ட்களை என்ட்ராவோடு சிங்க் செய்து, அந்த 15 லேப்டாப்களை மட்டும் இன்ட்யூனில் விட்டிருக்கிறோம்.

தெரிந்த ஆடிட்டர் ஆபீஸ் ஒன்று, 18 பேர், எல்லாமே எக்செல்லும் பிடிஎஃப்பும். அங்கே சர்வர் வாங்காதீர்கள் என்று நானே சொல்லிவிட்டு, கிளவுடில் அமைத்துக் கொடுத்தேன். மூன்று கணினிகளில் விண்டோஸ் ஹோம் எடிஷன் இருந்தது. அது டொமைனிலும் சேராது, என்ட்ராவிலும் சேராது. அவற்றை ப்ரோவுக்கு மாற்றப் பணம் கேட்டபோது மட்டும் ஆடிட்டர் முகம் சுளித்தார்.