வீட்டுக் கஞ்சா: கனடாவா, ஜெர்மனியா?

கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் வீட்டுக்கு 4 கஞ்சாச் செடி வளர்க்கலாம். ஒரே வீட்டில் ஐந்து பெரியவர்கள் இருந்தாலும் அதே 4தான். கியூபெக் மாகாணத்தில் அதுவும் கூடாது. அந்தத் தடையை கனடா உச்ச நீதிமன்றம் 2023இல் உறுதிசெய்தது.

ஜெர்மனியில் 2024 ஏப்ரல் 1 முதல் கணக்கு ஆளுக்கு: 18 வயது நிரம்பியவருக்கு 3 செடி. தம்பதிக்கு 6. தாராளம்போலத் தோன்றும், சிக்கல் அறுவடையில். ஒருவர் வீட்டில் வைத்திருக்கக்கூடியது, காய்ந்தபின் 50 கிராம்தான். நன்கு வளர்ந்த ஒரே செடி அதைத் தாண்டிவிடும். மிச்சத்தை நண்பருக்குக் கொடுப்பதும் குற்றம், அழிக்கத்தான் வேண்டும். ஆகவே மூன்றையும் ஒன்றாக நடாதீர்கள். சில வாரம் இடைவெளி விட்டு, சிறு தொட்டியில் வளருங்கள். பிள்ளைகள் கைக்கு எட்டாதபடி பாதுகாப்பது கட்டாயம்.

கனடாக் கூட்டாட்சிச் சட்டத்தில் வீட்டு இருப்புக்கு எடை வரம்பில்லை; வெளியே 30 கிராம். விளைச்சலைப் பொறுத்தவரை கனடாவே மேல்.